குரங்கு பேக், பூனை பேக்

1

கனடாவுக்கு வந்து நான்கு வருஷம் முடிந்துவிட்டது. ஊரில் எல்லாரும் கடிதத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "குளிர் தாங்குதா?" தாங்குகிறது. குளிருக்குக் கம்பளிக் கோட்டு இருக்கிறது. எனக்குத் தாங்காமல் இருந்தது வேறொன்று. இங்கே யாரும் என்னோடு சண்டை போடுவதில்லை.

சிரிக்காதீர்கள். திருச்சியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். அங்கே "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று ஒருவன் சொன்னால், "நேத்துதான் ஜாஸ்தி" என்று சொல்ல இன்னொருவன் தயாராக நிற்பான். வின்னிபெக்கில் நான் எதைச் சொன்னாலும் "ரொம்ப சுவாரசியமாக இருக்கிறதே" என்கிறார்கள். பாக்டரியில் நான் போடுகிற டிராயிங்கில் ஒரு கோட்டை மாற்றிப் போட்டால்கூட, "இதை நாம் சேர்ந்து இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்கிறார்கள். நான்கு வருஷத்தில் ஒரு மனுஷனாவது "நீ சொல்றது தப்பு" என்று சொல்ல வேண்டுமே! மரியாதை, மரியாதை, ஒரே மரியாதை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம்தான் இப்படி நடந்துகொள்வார்கள். நான் விருந்தாளியாகவே செத்துப்போய்விடுவேனோ என்று எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது.

தங்களுக்குள் அவர்கள் சண்டை போடாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பாக்டரிக்கு ஒரு ஹாக்கி டீம் உண்டு. மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் கென், வால்ட்டர் என்று இரண்டு பேர் அந்த டீமை வைத்துப் போடும் சண்டையில் முள்கரண்டி பறக்கும். கென் என் பக்கத்து போர்டில் டிராயிங் போடுபவன், முப்பது வயது. வால்ட்டர் ஸ்டோரில் பெரியவர், ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு பேரும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பேசிக்கொள்வார்கள். நடுவில் நான் வாயைத் திறந்தால் போதும், இருவரும் சட்டென்று குரலைத் தாழ்த்தி, தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "சுவாரசியம்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வார்கள். எனக்கு வயிறு எரியும்.

2

இங்கத்து ஹாக்கி வேறு ஜாதி. பனிக்கட்டித் தரை, காலில் கத்தி வைத்த பூட்ஸ், பந்துக்குப் பதில் ஒரு ரப்பர் வில்லை. எனக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் என் மகள் செல்வி. வரும்போது ஐந்து வயது, இப்போது ஒன்பது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். முதல் வருஷம் தமிழும் இங்கிலீஷும் கலந்து வந்தது. இரண்டாம் வருஷம் தமிழ், கோபம் வந்தால் மட்டும். இப்போது கோபமும் இங்கிலீஷில்தான்.

"எங்க ஊர்ல நான் பார்க்காத ஹாக்கியா?" என்று ஒருநாள் ஜம்பமாகச் சொன்னேன்.

"திருச்சியிலா? அவ்வளவு ஐஸுக்கு எங்கே போவீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டாள், முகத்தில் துளி கிண்டல் இல்லாமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. ஐஸ்காரர் வண்டியைத் தவிர ஐஸையே பார்க்காத ஊரில் எப்பேர்ப்பட்ட ஹாக்கி ஆடினார்கள் என்பதை இந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? நீலக் கடிதத்தில் வருகிற ஸ்டாம்ப்தான் அவளுக்குத் திருச்சி.

ஒன்று மட்டும் இரண்டு ஹாக்கிக்கும் பொது. கோல்கீப்பருக்கு முன்னால் காவலுக்கு இரண்டு பேர். நம் ஊரில் அவர்களை பேக் என்போம். இங்கே டிபென்ஸ்மேன். கென்னும் வால்ட்டரும் தினம் அடித்துக்கொண்டது இந்த இரண்டு பேரை வைத்துத்தான். ஆர்னி என்று ஒரு பழைய கை, நின்ற இடத்தை விட்டு நகரமாட்டான். பீட் என்று ஒரு இளவட்டம், வில்லை கிடைத்தால் எதிராளி கோல் வரைக்கும் கொண்டுபோகாமல் திரும்பமாட்டான். ஆர்னி வெல்டர், பீட் ஸ்டோரில் வால்ட்டருக்குக் கீழே வேலை. இரண்டு பேரில் யார் உசத்தி, யார் தேறுவான், யாரைத் தூக்கவேண்டும் என்பதுதான் விவகாரம்.

முதல்நாள் அதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வார்த்தைக்கு வார்த்தை இதே சண்டையை நான் மன்னார்புரத்தில் போட்டிருக்கிறேன்.

3

ஐம்பதுகளின் நடுவில் நான் திருச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டிரேசர், டிராயிங்கை நகல் எடுக்கிறவன். மன்னார்புரத்தில் வாடகை அறை. அறையிலிருந்து நாலு எட்டில் ஒரு சரளை மைதானம். விழுந்தால் முழங்கால் தோல் அங்கேயே தங்கிவிடும். மைதானத்து ஓரத்தில் ரஹீம் பாயின் சைக்கிள் கடை. கடை வாசல் பெஞ்சுதான் எங்கள் சட்டசபை.

எங்கள் ஊர் டீமில் இரண்டு பேக். ஒருவர் ஸ்டீபன், ரயில் கார்டு, முப்பத்தைந்து வயது. கோலுக்கு முன்னால் பேசாமல் நிற்பார். எதிராளி ஃபார்வர்டு தலைதெறிக்க ஓடிவந்து பந்தை அவர் காலடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவது போலவே இருக்கும். இன்னொருவன் மாணிக்கம், திருவெறும்பூர் விவசாயக் குடும்பம், எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர், இருபத்திரண்டு வயது. பந்து நடுக்கோட்டைத் தாண்டினால் அவன் காலில் நெருப்புப் பற்றிக்கொள்ளும். ஓடிப்போய்ப் பிடுங்குவான். பிடுங்கிவிட்டால் மைதானமே எழுந்து கத்தும். தப்பிவிட்டால் கோல் வாசல் திறந்து கிடக்கும்.

சனிக்கிழமை ஆனால் ஸ்ரீரங்கத்திலிருந்து வரதன் காவேரிப் பாலத்தின் மேல் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்துவிடுவார். ஸ்கூலில் கணக்கு வாத்தியார், திருமண் பளிச்சென்று நெற்றியில் இருக்கும், கோயில் கைங்கரியக் குடும்பம். என் வயதுதான். நான் அவரை சாமி என்பேன், அவர் என்னை ஓய் என்பார்.

"ஓய், இதுல தர்க்கத்துக்கே இடமில்லை," என்றார் ஒருநாள். "குரங்குக்குட்டி தாயைத் தானே தாவிப் பிடிச்சுக்கும். பிடி நழுவித்துன்னா விழ வேண்டியதுதான். பூனைக்குட்டி சும்மா கிடக்கும். தாயே வந்து கவ்விண்டு போகும். உம்ம மாணிக்கம் குரங்கு. ஸ்டீபன் பூனை."

பகவானை நாமே முயன்று பற்றவேண்டுமா, அவனே வந்து காப்பான் என்று விட்டுவிடவேண்டுமா என்று வைணவர்களில் வடகலைக்கும் தென்கலைக்கும் காலங்காலமாக நடக்கிற வாதத்தில் வருகிற குரங்கும் பூனையும் இவை. வரதன் தென்கலை. பூனைக் கட்சி.

"சாமி, அது பெருமாள் சமாசாரம். இது பந்து சமாசாரம்," என்றார் ரஹீம் பாய், டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே.

"மோட்சத்துக்கே பூனை போறும்னா, ஒரு பந்துக்குப் போறாதா பாய்?"

பாய் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து ஊர் முழுக்க அதே பேச்சு. ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற பத்து இருபது பேரும் பூனை பேக்தான் உசத்தி என்று ஒரே பிடி. ஹாக்கி ஸ்டிக்கையே தொடாத ஆசாமிகள் எல்லாம் மாணிக்கத்தைப் பார்த்து, "சரணாகதி தெரியாதவன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

4

நான் முதலில் மாணிக்கம் கட்சி. ஒரு செமி பைனலில் அவன் முன்னால் ஓடி, பந்து தப்பி, எங்களுக்கு ஒரு கோல் விழுந்தது. எப்படியோ ஜெயித்துவிட்டோம். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கோபம் வந்தால் திருச்சிக்காரன் என்ன செய்வான்? பெட்டிஷன் எழுதுவான்.

நானே எழுதினேன். "கீழே கையொப்பமிட்டுள்ள ரசிகர்களாகிய நாங்கள் தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்" என்று தொடங்கி, மாணிக்கத்தை பைனலில் இறக்கக் கூடாது என்று மூன்று பக்கம். டிராயிங் இங்க்கில், அடித்தல் திருத்தல் இல்லாமல். ரஹீம் பாய் கடையில் வைத்து எழுபது கையெழுத்து வாங்கினோம். வரதன் பச்சை மையில் போட்டார். டீம் செக்ரட்டரி ஒரு வக்கீல் குமாஸ்தா. மனு என்றால் அவருக்குக் கை தானாக ரப்பர் ஸ்டாம்ப்பைத் தேடும். வாங்கினார், குத்தினார், மாணிக்கத்தைத் தூக்கிவிட்டார்.

பைனல் மதுரை டீமோடு. ஸ்டீபனுக்கு ஜோடியாக, அவரைப் போலவே நிற்கிற இன்னொருவரைப் போட்டார்கள். இரண்டு பூனை! மதுரைக்காரன் பந்தை உருட்டிக்கொண்டு மாசி வீதியில் நடக்கிற மாதிரி நிதானமாக வந்தான். இவர் அவர் எடுப்பார் என்று நின்றார், அவர் இவர் எடுப்பார் என்று நின்றார். அரை மணியில் மூன்று கோல். நாலாவது விழும்போது நான் மைதானத்தைப் பார்க்கவில்லை. வேலி ஓரத்தில் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாணிக்கம் நின்றிருந்தான், அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் ரோட்டில் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் வரதனோடு பாலம் வரைக்கும் நடந்தேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். பாதிப் பாலத்தில் நின்றார்.

"ரெண்டும் பூனைக்குட்டியாப் போயிடுத்து ஓய். தாய் வரவே இல்லை. மதுரைக்காரன்தான் வந்தான்."

"நாமதான் சாமி கெடுத்தோம்."

"சம்பிரதாயத்துல நான் பூனைதான். அதுல மாத்தமில்லை. ஆனா அதை எடுத்துண்டு நான் மைதானத்துக்கு வந்திருக்கப்படாது. ஒரு நன்னா ஆடற பையனை நம்ம கையெழுத்து போட்டு ஆத்துக்கு அனுப்பிட்டோம்." அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

5

மாணிக்கத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி இரண்டாவது பெட்டிஷன் எழுதினேன். செக்ரட்டரி கையாலேயே தொடவில்லை.

"அந்த மனு மேல நடவடிக்கை எடுத்தாச்சு, பைலை மூடியாச்சு. மறுபடி தொறக்கணும்னா பாதிக்கப்பட்டவரே எழுதித் தரணும்," என்றார்.

பாதிக்கப்பட்டவரைத் தேடி ஞாயிற்றுக்கிழமை திருவெறும்பூர் போனேன். மாணிக்கம் வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தான். நான் வெள்ளைச் சட்டையோடு சேற்றோரம் நின்று, வந்த விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"மாணிக்கம், அந்தப் பெட்டிஷனை எழுதினது நான்தான்."

"தெரியும் சார். மொதக் கையெழுத்து போட்டது எங்க தாய்மாமன். அவரே வந்து சொல்லிட்டாரு."

அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

"நான் முன்னாடி போறது தப்புன்னு எழுபது பேரு எழுதினீங்க. நான் போனப்புறம் பின்னாடி யாரு நிக்கணும்னு ஒருத்தராவது எழுதினீங்களா சார்?"

மூன்று பக்கம் எழுதியவனுக்கு இந்த ஒரு வரி தோன்றவில்லை. அடுத்த வாரம் ஸ்டீபனையே அழைத்துக்கொண்டு போனேன். அவர் வரப்பில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் பேசினார்.

"நீ போ மேன். நீ போனா நான் நடுவுல வந்துடறேன். ஆனா நான் நில்லுன்னு கத்தினா நிக்கணும். சரியா?"

"நீங்க கத்துங்க சார், நிக்கிறேன். கத்தாம முறைச்சா எனக்குப் புரியாது."

கடிதம் நான் எழுதினேன். மாணிக்கம் அதை வாங்கிப் படித்து, 'தாழ்மையுடன்' என்ற வார்த்தையை அடித்தான். பிறகு மற்ற எல்லாவற்றையும் அடித்தான். "ஆடத் தயார்" என்பதை மட்டும் விட்டுக் கையெழுத்துப் போட்டான். செக்ரட்டரி அதையும் ஸ்டாம்ப் குத்தி வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷம் பெஞ்சுக்கு வேறு வேலையே இல்லை. மாணிக்கம் தேறுகிறானா இல்லையா என்பதுதான் பேச்சு. "முன்ன பத்துக்குப் பத்து ஓடுவான், இப்ப பத்துக்கு ஆறுதான் ஓடறான்," என்பார் பாய். "அந்த ஆறும் பந்தோட திரும்பறான், அதைச் சொல்லும்," என்பார் வரதன். நாங்கள் கவனிக்காமல் விட்டது ஸ்டீபனை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு மனுஷன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார்! கோல் வாசலிலேயே நின்றவர், மாணிக்கம் கிளம்பிய மறுகணம் நாலடி முன்னால், நடுவில் வந்து நின்றார். இளசு மட்டும்தான் வளரும் என்று நினைத்திருந்தோம். பழசும் வளர்ந்தது.

மறுவருஷ பைனலிலும் மதுரைதான். ஒரு கோல் விழவில்லை. மாணிக்கம் போனான், ஸ்டீபன் நடுவில் நின்றார். ஸ்டீபன் கத்தினார், மாணிக்கம் நின்றான். மதுரைக்காரர்கள் சுவரில் முட்டி முட்டிப் பார்த்தார்கள். நாங்கள் இரண்டு கோல் போட்டோம். இரண்டும் மாணிக்கம் கொண்டுபோய்க் கொடுத்த பந்து. மைதானமே அதிர்ந்தது. வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காத வரதன் ரஹீம் பாயைக் கட்டிக்கொண்டு, அவர் உடைத்துக் கொடுத்த கோலி சோடாவை மடமடவென்று குடித்தார். அடுத்த ஞாயிறு லாரி பிடித்து எல்லாரும் முக்கொம்புக்குப் போனோம். மாணிக்கத்தின் தாய்மாமன் வெட்கமில்லாமல் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

6

இப்போது வின்னிபெக்குக்கு வாருங்கள். போன மாதம் பாக்டரி டீம் பைனலுக்கு வந்துவிட்டது. டிபென்ஸில் யாரை வைக்கலாம் என்று ரசிகர்கள் அபிப்பிராயம் எழுதிப் போட கேண்டீனில் ஒரு பெட்டி வைத்தார்கள். சீட்டில் செக்‌ஷன் நம்பர் இல்லாவிட்டால் செல்லாது. அட, நம்மூர் ஆசாமிகளேதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் ஒரே விஷயத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். பீட்டைத் தூக்கு. ஆர்னிக்கு ஜோடியாக இன்னொரு ஆர்னியைப் போடு. நேற்றுவரை பீட்டுக்காக வாதாடிய கென்தான், அவன் ஓட்டத்தால் ஒரு கோல் விழுந்த கோபத்தில், இப்போது தலைவன். தன் கீழே வேலை செய்கிற பையன் என்றும் பார்க்காமல் வால்ட்டர்கூட அதையேதான் எழுதினார். ஆர்னி என்றால் அவருக்கு உயிர். பீட் இரண்டு மேஜை தள்ளித் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பீட்டைத் தூக்கக் கூடாது," என்று நான் ஆரம்பித்தேன்.

குரல்கள் தாழ்ந்தன. தலைகள் ஆடின. "சுவாரசியமான கருத்து," என்றான் கென். பேனாவை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. டிபன் பாக்ஸ் மூடியை மேஜையில் ஓங்கித் தட்டினேன். "சுவாரசியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை! நீ எழுதுவது தப்பு, கென். இதே தப்பை நான் செய்திருக்கிறேன். மூன்று பக்கம் எழுதிச் செய்திருக்கிறேன்!" மண்ணாங்கட்டி மட்டும் தமிழிலேயே வந்துவிட்டது. மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ்.

உப்புப் புட்டியை ஆர்னியாகவும் மிளகுப் புட்டியை பீட்டாகவும் வைத்து, மிளகு முன்னால் போனால் உப்பு நடுவுக்கு நகரவேண்டும் என்று நகர்த்திக் காட்டினேன். குரங்கையும் பூனையையும் சொன்னேன். ஸ்ரீரங்கத்தையும் சொன்னேன். அந்த டீம் கமிட்டியில் இருக்கும் போர்மன் பக்கத்து மேஜையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். "பூனை நகரவில்லையென்றால்?" என்று கேட்டார். "நகரும். எங்கள் ஊர்ப் பூனை நகர்ந்தது," என்றேன். சீட்டின் பின்னால் அதைப் படமாகப் போட்டு, செக்‌ஷன் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுபடி இன்னொரு பையன் வேலி ஓரத்தில் நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

7

பைனலுக்கு செல்வியையும் கூட்டிப்போனேன். பீட் இறங்கினான், ஆர்னியோடு.

முதலில் ஒரு கோல் வாங்கினோம். ஆர்னி நகர மறந்துவிட்டான். கென் திரும்பி என்னைப் பார்த்தான். எனக்கு வேர்த்துவிட்டது, அந்த ஐஸ் அரங்கத்தில்! அப்புறம் ஆர்னிக்குப் பிடிபட்டது. பீட் கிளம்பினால் அவன் நடுவில். பீட் திரும்பினால் அவன் ஓரத்தில். நாங்கள் ஒன்றைத் திருப்பினோம், அவர்கள் ஒன்று போட்டார்கள், மறுபடி திருப்பினோம். கடைசி நிமிஷத்தில் எதிராளி அடித்த வில்லையை ஆர்னி நடுவில் நின்று மடக்கி, பீட்டுக்குத் தள்ளினான்.

"போடா! போ! போ!" என்று நான் எழுந்து நின்று கத்தினேன்.

"போ பீட், போ! போ!" என்று பக்கத்தில் இன்னொரு குரல். செல்வி நாற்காலிமேல் ஏறி நின்று, தொண்டை கிழியத் தமிழில் கத்திக்கொண்டிருந்தாள். பீட் போனான். போய்ப் போட்டான். அவளைத் தூக்கிக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தைப் பற்றி என் மனைவி கமலாவிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மேஜையில் கென் என் முதுகில் தட்டி, "நான் சொன்னது தப்பு," என்றான். சந்தோஷம்தான். ஆனால் வால்ட்டர் வந்து உட்கார்ந்தார், சூப்பைத் தள்ளி வைத்தார்.

"ஜெயித்தது ஆர்னியால். ஆர்னியால் மட்டும்தான்," என்றார். "உன் குரங்கு முன்னால் ஓடாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு கோலும் விழுந்திருக்காது. உனக்கு ஹாக்கியே தெரியாது. தெரியாததோடு பிடிவாதம் வேறு."

"முதல் கோல் ஆர்னி தூங்கினதால் விழுந்தது. உமக்குக் கண் தெரியவில்லையா?" என்றேன்.

"யாரைப் பார்த்துக் கண் தெரியாது என்கிறாய்?" மேஜையில் ஓங்கிக் குத்தினார். சூப் சிந்தியது. நாலு பேர் அவர் பக்கம், மூன்று பேர் என் பக்கம். ஒருவரும் குரலைத் தாழ்த்தவில்லை. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை, போர்மன் வந்து விரட்டினார்.

வீட்டுக்குப் போனதும் கமலா என் முகத்தைப் பார்த்து, "என்னங்க, சம்பளம் கூட்டிக் குடுத்தாங்களா?" என்றாள்.

"அதெல்லாம் இல்லடி. வால்ட்டர் என்னை நல்லாத் திட்டிட்டாரு!"

"அதுக்கா இந்தச் சிரிப்பு? நல்ல மனுஷன் நீங்க!" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை நான் ஆபீசுக்குள் நுழைந்தபோது என் டிராயிங் போர்டுக்கு முன்னால் வால்ட்டர் நின்றிருந்தார். கையில் ஒரு தாள். தாள் முழுக்க அம்புக்குறிகள். ஸ்டோர் திறக்க வேண்டிய நேரத்தில், அதைத் திறக்காமல் இங்கே வந்து நிற்கிறார்.

"ராத்திரி முழுக்க யோசித்தேன். நீ சொல்வது சுத்தத் தப்பு. எங்கே தப்பு என்று காட்டுகிறேன், இப்படி வா," என்றார்.

நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.